மேன்முறையீடு மன்றாட்டம் அல்ல

(கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில், தமிழ் மூத்தோரும் பராமரிப்பாளர்களும் கூடிய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பிப் மறுக்கப்பட்டால் என்ன செய்வது?' என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. பிப் என்பது 'பெர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட்', வலுக்குறைவோடு வாழ்பவர்களுக்கான அரசுக் கொடுப்பனவு. அந்தப் பழுப்பு நிறக் கடித உறை வந்து விழுந்ததும் நம் வீடுகளில் இரண்டு பேச்சு எழும். "கவர்மென்ட் இல்லையெண்டு சொல்லிப்போட்டுது, இனி என்ன செய்யிறது?" என்பது ஒன்று. "போய்க் கிளறினால் உள்ளதையும் பிடுங்கிப்போடுவாங்கள்" என்பது மற்றது. முதலாவது முழுப் பிழை. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது; அதையும் மறைக்காமல் சொல்வேன். முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு இழுபறி என்பதைப் பார்த்துவிடுவோம்.

1992 இல் இந்த நாட்டில் டி.எல்.ஏ. (டிஸபிலிட்டி லிவிங் அலவன்ஸ்) என்ற கொடுப்பனவு வந்தது. வலுக்குறைவோடு வாழ்வதற்குக் கூடுதல் செலவு ஆகும் என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. நடக்க முடியாதவருக்கு டாக்ஸி தேவை. குளிர் தாங்காத உடம்புக்கு ஹீட்டர் கூடுதல் நேரம் ஓட வேண்டும். இந்தச் செலவு ஏழைக்கும் உண்டு, வசதியுள்ளவருக்கும் உண்டு. வேலைக்குப் போகிறவருக்கும் உண்டு. அதனால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே அதைக் கொடுத்தார்கள். அதன் இடத்துக்கு வந்த பிப்பும் அப்படித்தான். வேலைக்குப் போகிறேன், எனக்குக் கிடைக்காது என்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருக்கும் தம்பிமார் இந்தச் சபையிலும் இருப்பீர்கள்.

2010 இல் புதிய கூட்டணி அரசு வந்தது. நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் தன் முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே டி.எல்.ஏ.யை மாற்றப்போவதாக அறிவித்தார். வேலை செய்யும் வயதினருக்கான செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பது இலக்கு. இந்த வரிசையைக் கவனியுங்கள். எத்தனை பேருக்கு உதவி தேவை என்று எண்ணிப் பார்க்குமுன், எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு வந்துவிட்டது. அளவுகோல் பிறகுதான் செய்யப்பட்டது. இன்றுவரை நடக்கும் இழுபறிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

2012 ஆம் ஆண்டின் நலன்புரிச் சீர்திருத்தச் சட்டம் பிப்பைக் கொண்டுவந்தது. 2013 ஏப்ரல் மாதத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்தன. பிப் தொடங்கியது. பிப் முடிவை எதிர்த்து நேரே தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி அடைபட்டு, முதலில் அந்த முடிவை எடுத்த வேலை, ஓய்வூதியத் திணைக்களத்திடமே 'கட்டாய மறுபரிசீலனை' கேட்க வேண்டும் என்ற படி குறுக்கே வந்தது. அதே மாதம் முதலாம் திகதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் நலன்புரிக் கொடுப்பனவு விடயங்களுக்கான சட்ட உதவிப் பணமும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. அளவுகோலும் புதிது, படியும் புதிது, கைபிடித்துக் கூட்டிப் போக ஆளும் இல்லை. இந்தச் சூழலில்தான் ஆங்கிலம் கொஞ்சமாகத் தெரிந்த ஒரு தாய், தடித்த விண்ணப்பப் படிவத்தோடு தனியே உட்கார வேண்டியிருந்தது.

இனி அந்த அளவுகோலுக்கு வருகிறேன். பிப்பில் நோயின் பெயருக்குப் புள்ளி இல்லை. நாளாந்த வாழ்வுக்குப் பத்துச் செயல்கள், நடமாட்டத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் நீங்கள் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குப் புள்ளி. நாளாந்த வாழ்விலோ நடமாட்டத்திலோ 8 புள்ளி எடுத்தால் அந்தப் பகுதியில் சாதாரண வீதம், 12 எடுத்தால் கூடிய வீதம். 2025–26 இல் நாளாந்த வாழ்வுப் பகுதியின் சாதாரண வீதம் வாரத்துக்கு 73.90 பவுண், கூடிய வீதம் 110.40 பவுண்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 57 வயதான ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். முடக்குவாதம்; காலையில் விரல்கள் வீங்கிப் பொத்திப் பிடிக்க முடியாது. தொலைபேசியில் மதிப்பீடு நடக்கிறது. "சமைப்பீர்களா?" என்று கேட்கிறார்கள். அக்கா என்ன சொல்வார்? "ஓம், நான்தான் சமைக்கிறனான்." சமையல் தெரியாதவள் என்று ஒரு வெளியாளிடம் சொல்ல அவருக்கு மனம் வராது. மறுமுனையில் இருப்பவர் பூச்சியம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

உண்மையில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? மகள் காலையில் வேலைக்குப் போகுமுன் வெங்காயமும் மரக்கறியும் வெட்டி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறாள். அரிசியைக் கழுவி ரைஸ் குக்கரில் தண்ணீர் அளந்து ஊற்றிவிட்டுப் போகிறாள். அக்கா பட்டனைத் தட்டுகிறார். சூடான சட்டியை இறக்கமாட்டார். அது அடுப்பிலேயே ஆறும், மகள் வந்து இறக்குவாள். விதி கேட்பது இதைத்தான்: பதப்படுத்தாத புதிய பொருட்களைக் கொண்டு, ஒருவருக்கு, ஒரு நேரச் சாப்பாட்டை ஆயத்தம் செய்து சமைக்க முடியுமா? மரக்கறி வெட்ட இன்னொருவரின் கை தேவைப்பட்டால் அது 'உதவி'. அதற்கு 4 புள்ளி. மகள் அன்பினால் செய்வதை அக்கா உதவி என்று எண்ணவேயில்லை. எண்ணாததால் சொல்லவுமில்லை.

இதைத் தாண்டி நான்கு சோதனைகள் விதியிலேயே எழுதியிருக்கின்றன. ஒரு செயலை நீங்கள் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும். ஏற்கத்தக்க தரத்தில் செய்ய வேண்டும். தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். அதாவது, அந்தக் குறைபாடு இல்லாத ஒருவருக்கு அதிகம் போனால் எடுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்குக்குள். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் அந்தச் செயலை உங்களால் செய்ய முடியாது என்றுதான் கொள்ள வேண்டும். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்பதே கணக்கு. நல்ல நாளொன்றில் கோயிலுக்கு நடந்து போனதைச் சொல்லி, மறுநாள் முழுக்கக் கட்டிலில் கிடந்ததைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் பதிவாகும்.

நடையும் அப்படித்தான். 20 மீற்றருக்கு மேல் நடக்க முடியாதவருக்கு 12 புள்ளி. பழைய டி.எல்.ஏ. காலத்தில் 50 மீற்றர் என்பதே வழக்கில் இருந்த அளவு. அது 20 ஆகக் குறுகியபோது, அந்தக் கொடுப்பனவின் மூலம் பலருக்குக் கிடைத்திருந்த கார் பறிபோனது. "பஸ் ஸ்டொப் மட்டும் நடப்பன்" என்று சொல்லுமுன், எத்தனை இடத்தில் நின்று, எதைப் பிடித்து, எவ்வளவு நேரத்தில் போனீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கென்றே முக்கியமான ஒரு செய்தியும் அந்த விதிகளில் இருக்கிறது. பேசுவதையும் வாசிப்பதையும் மதிப்பிடும்போது தாய்மொழியில் செய்ய முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். ஆங்கிலம் தெரியாததற்குப் புள்ளி கிடையாது. பக்கவாதத்துக்குப் பிறகு தமிழில் ஒரு நீண்ட வசனத்தைப் பிடிக்க முடியாமல் தடுமாறும் ஐயாவை, 'இவருக்கு ஆங்கிலம் வராது, அவ்வளவுதான்' என்று தள்ளிவிடவும் முடியாது. மதிப்பீட்டுக்கும் தீர்ப்பாயத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், கட்டணம் இல்லை. பேரப்பிள்ளையைக் கொண்டு சமாளிக்க வேண்டாம். தாத்தா கழிவறைக்குப் போவதில் உள்ள கஷ்டத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? தாத்தாதான் அந்தப் பிள்ளைக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வார்?

சரி, மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் பிந்தியும் கேட்கலாம். 13 மாதங்கள்வரை இடமுண்டு. கேட்கும்போதே மதிப்பீட்டாளர் எழுதிய அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். அதை வாசித்தால்தான் எந்த இடத்தில் உங்கள் வாழ்க்கை பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியும். மறுபரிசீலனையில் முடிவு மாறாமல் வருவது சாதாரணம். அதே திணைக்களத்தின் இன்னோர் அதிகாரி, பெரும்பாலும் அதே காகிதங்களை வைத்துக்கொண்டு பார்க்கிறார். நம் சனத்தில் பலர் அந்தப் படியோடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டு தரம் இல்லையென்று சொன்ன பிறகு மூன்றாம் தரம் கேட்க வெட்கம். அந்த வெட்கம் திணைக்களத்துக்குத்தான் இலாபம்.

மூன்றாவது படி வேறு வீடு. முதல்நிலைத் தீர்ப்பாயம் திணைக்களத்துக்குக் கீழ்ப்பட்டது அல்ல, நீதித்துறையைச் சேர்ந்தது. பிப் வழக்கென்றால் மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் நீதிபதி, ஒருவர் வைத்தியர், மற்றவர் வலுக்குறைவு பற்றித் தன் அனுபவத்தால் அறிந்தவர். ஒரு மேசை, நாலைந்து கதிரை. அங்கியும் இல்லை, பொய்முடியும் இல்லை. கட்டணம் இல்லை, தோற்றாலும் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டத் தேவையில்லை. "நேற்றுக் காலையில் எழும்பினதிலிருந்து சொல்லுங்கோ அம்மா" என்கிற மாதிரித்தான் கேள்விகள் இருக்கும். பல மாதம் காகிதமாக அலைந்த மனிதர் முதல் தடவையாக ஆளாகவே கேட்கப்படுவது அந்த மேசையில்தான்.

பலன் என்ன? தீர்ப்பாயக் கணக்கை அரசே காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. பல ஆண்டுகளாக, விசாரணைக்கு வந்த பிப் மேன்முறையீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விண்ணப்பித்தவர் பக்கமே முடிகின்றன. மொத்த முடிவுகளில் சிறு பங்குதான் மேன்முறையீட்டுக்குப் போகிறது, அங்கே புதிய வாய்மொழிச் சாட்சியம் கிடைப்பதால் முடிவு மாறுகிறது என்று திணைக்களம் இதற்கு விளக்கம் சொல்லும். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். அந்த மனிதரின் வாயால் கேட்டதும் முடிவு மாறுகிறதென்றால், முதல் தரமே ஏன் அப்படிக் கேட்கவில்லை? வென்றவரின் வழக்கு முதலிலிருந்தே நியாயமானதுதான். அவர் அதற்காக மாதக்கணக்கில் கடன்பட்டுக் காத்திருக்க வைக்கப்பட்டார்.

"உள்ளதையும் பிடுங்குவார்கள்" என்ற பயத்துக்கு வருகிறேன். தீர்ப்பாயத்துக்கு முழு முடிவையும் மறுபடி பார்க்கும் அதிகாரம் உண்டு. புள்ளியைக் குறைக்கவும் முடியும். அப்படி நேரக்கூடும் என்று தோன்றினால் வழக்கமாக முன்கூட்டியே எச்சரிப்பார்கள், ஆலோசிக்க நேரம் தருவார்கள். எனவே ஏற்கெனவே ஓரளவு கிடைத்துக்கொண்டிருப்பவர் ஆலோசகர் ஒருவரோடு கடிதத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. பூச்சியம் போடப்பட்டவருக்கு இழக்க என்ன இருக்கிறது?

இன்னொரு விதி பலரைத் தடுக்கி விழுத்துகிறது. திணைக்களம் முடிவெடுத்த நாளில் உங்கள் நிலை எப்படி இருந்தது என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்கும். அதற்குப் பிறகு நோய் முற்றியிருந்தால் அதற்குப் புதிய விண்ணப்பம்தான் வழி. வைத்தியரிடம் கடிதம் கேட்கும்போது, அந்த நாளில் நிலைமை எப்படி இருந்தது என்று எழுதித் தரும்படி கேளுங்கள். நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும் மட்டும் உள்ள கடிதம் அதிகம் உதவாது. காலையில் வெட்டி வைப்பதையும் இரவில் சட்டி இறக்குவதையும் மகள் தன் கையால் எழுதித் தரும் ஒரு பக்கம் அதைவிடப் பலமான சாட்சி.

ஒருவருடைய வழக்கு அவரோடு முடிந்துவிடுவதும் இல்லை. வெளியே போகப் பயந்து உறையும் மனநிலை உள்ளவர்கள் இருக்கிறார்கள். இலங்கைப் போரின் கடைசி மாதங்களைக் கடந்து வந்த நம் சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பட்டாசுச் சத்தத்துக்குக் குந்திவிடுபவர், துணையில்லாமல் ரயிலில் ஏறாதவர் நம் வீடுகளிலேயே உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு நடமாட்டப் பகுதியில் கூடிய புள்ளி கிடைக்குமா என்பது நீண்ட வாதமாக இருந்தது. 2016 நவம்பரில் மேல்நிலைத் தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள், கடும் மன உளைச்சலால் ஒருவருக்குத் துணையின்றி வழி செல்ல முடியாவிட்டால் அதற்கும் அந்தப் புள்ளிகள் பொருந்தும் என்று தீர்ப்பளித்தார்கள். கொடுப்பனவு மறுக்கப்பட்ட சாதாரண மனிதர்களின் மேன்முறையீடுகளிலிருந்து மேலே போன வழக்கு அது.

அரசு என்ன செய்தது? 2017 மார்ச்சில் விதியையே மாற்றி, மன உளைச்சல் காரணமாக இருந்தால் அந்தப் புள்ளிகள் இல்லை என்று எழுதிக்கொண்டது. பெயர் வெளியிடப்படாத ஒரு பெண் உயர் நீதிமன்றம் போனார். அந்த ஆண்டு டிசம்பரில் நீதிபதி மொஸ்டின், அந்த மாற்றம் மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்கு எதிரான அப்பட்டமான பாகுபாடு என்று சொல்லி அதைச் செல்லாததாக்கினார். 2018 ஜனவரியில் அரசு மேலே வழக்காடாமல் ஒதுங்கியது. ஏறத்தாழ 16 இலட்சம் பிப் கோப்புகளைத் திரும்பப் பார்க்க ஒப்புக்கொண்டது. திருத்தம் கிடைத்தவர்கள் அவர்களில் சிறு பகுதியினரே. ஆனாலும் விதி இன்று அந்தத் தீர்ப்பின்படியே நிற்கிறது. போர் தந்த பயத்தோடு வாழும் ஒருவர் இன்று நடமாட்டப் பகுதியைக் கேட்க முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் முகம் தெரியாத அந்த மனிதர்களின் பிடிவாதம் இருக்கிறது.

2025 க்கு வருவோம். மார்ச் 18 ஆம் திகதி தொழிற்கட்சி அரசின் அமைச்சர் லிஸ் கெண்டல் ஒரு பசுமை அறிக்கையை வெளியிட்டார். நாளாந்த வாழ்வுப் பகுதி கிடைக்க மொத்தம் 8 புள்ளி போதாது, ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும், 2026 நவம்பரிலிருந்து அமல் என்றார்கள். நம் அக்காவை எடுத்துப் பாருங்கள். சமையலுக்கு ஒரு சாதனம், குளிக்க ஒரு பிடி, கழிவறையில் உயர்த்திய இருக்கை, உடுப்புக் கொளுவ ஒரு கோல் என்று நான்கு இடத்தில் இரண்டிரண்டாக 8 எடுத்திருந்தால், புதிய விதியில் அவருக்கு ஒன்றும் இல்லை. அவரைப் பார்க்கிற மகளின் கெயரர்ஸ் அலவன்ஸும் அதோடு போகும். அது அம்மாவின் நாளாந்த வாழ்வுப் பகுதியில் தொங்குகிறது. வெங்காயம் வெட்டிக் கொடுப்பதைச் சொல்லியிருந்தால் சமையலில் 2 க்குப் பதில் 4 கிடைத்து அக்கா தப்பியிருப்பார். ஒரு வசனத்தின் பெறுமதி அவ்வளவு.

தொழிற்கட்சியின் சொந்த உறுப்பினர்களே 120 பேருக்கு மேல் எதிர்த்துக் கையொப்பம் வைத்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் விடவில்லை. ஜூலை 1 ஆம் திகதி, பாராளுமன்றத்தில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே, சட்டமூலத்திலிருந்து பிப் பற்றிய அந்தப் பிரிவை மீளப்பெறுவதாக அமைச்சர் சேர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து அறிவித்தார். அவர் யார் என்று இந்த மண்டபத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஈஸ்ட்ஹாம் தொகுதியின் உறுப்பினர் அவர்தான். பிப் மதிப்பீட்டையே மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து மறுபடி ஆராயும் பொறுப்பும் அவரிடமே போனது. 2026 இலையுதிர் காலத்தில் அதை முடிப்பது திட்டம்.

அந்த வெற்றியோடு ஒரு தோல்வியும் ஒட்டிக்கொண்டு வந்தது. யுனிவர்சல் கிரெடிட்டின் சுகவீனப் பகுதி, 2026 ஏப்ரல் முதல் புதிதாகக் கோருபவர்களில் பெரும்பாலோருக்கு வாரம் 97 பவுண் அளவிலிருந்து 50 பவுண் அளவுக்கு இறங்குகிறது என்ற பிரிவு சட்டமாகிவிட்டது. ஒரே நோய், ஒரே தெரு, இரண்டு தொகை. ஒருவர் மார்ச்சில் கோரினார், மற்றவர் மேயில் கோரினார் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. இதை நீதி என்று நான் ஏற்கமாட்டேன்.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஸ்கொட்லாந்தில் 2022 முதல் பிப்பின் இடத்தில் அவர்களுடைய சொந்தக் கொடுப்பனவு இருக்கிறது. மதிப்பீட்டைத் தனியார் நிறுவனத்திடம் கொடுக்கவில்லை. கிடைத்துக்கொண்டிருந்த பணம் குறைக்கப்பட்டாலோ நிறுத்தப்பட்டாலோ, நீங்கள் அதை எதிர்த்துப் போராடும் காலத்தில் பழைய தொகை குறையாமல் இருக்கக் குறுகிய கால உதவி தருகிறார்கள். இலண்டனில் மேன்முறையீடு செய்பவர் வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலையோடு காத்திருக்கிறார். ஒரே நாட்டுக்குள், எல்லைக்கு அப்பால் முடிவது இங்கே ஏன் முடியாது? சேர் ஸ்டீபனிடம் இந்தத் தொகுதி மக்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். சட்ட உதவியைத் திரும்பத் தருவீர்களா என்பது இரண்டாவது.

நிறைவாக, மூன்று வேண்டுகோள்கள். கடிதம் வந்தால் மேசையில் போட்டுவைக்காதீர்கள். திகதியைக் கலண்டரில் குறித்து, ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். மறுத்தால் அந்தக் கடிதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு எழுதுங்கள். கேள்வி கேட்கும்போது விருந்தாளியிடம் பேசுவதுபோல் "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்று சொல்லாமல், யார் எதைச் செய்து தந்ததால் அந்த நாள் கழிந்தது என்பதைச் சொல்லுங்கள். ஆங்கிலமும் கணினியும் தெரிந்த இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவில் இப்படி ஒரு கடிதத்தோடு இருக்கும் ஒருவருக்காவது பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுங்கள். மேன்முறையீடு இந்த நாட்டுச் சட்டம் நமக்குத் தந்த உரிமை. அதைக் கேட்டுப் பெறுவதில் தலைகுனிய ஒன்றுமே இல்லை.